கதைப்பின்னல் வினாவுக்குக் கதையைச் சொல்லிவிட்டு வராதீர்கள்

கதைப்பின்னல் என்பது நிகழ்ச்சிகளை ஆசிரியர் அடுக்கியிருக்கும் விதம். "இப்புதினத்தின் கதைப்பின்னலை ஆராய்க" என்று தேர்வில் வினா வந்தால், தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் தமிழ் இலக்கியம் படிக்கும் பலரும் நான்கு பக்கத்துக்குக் கதையையே எழுதிவைக்கிறார்கள். பக்கம் நிறையும், மதிப்பெண் விழாது. திருத்துபவருக்குக் கதை தெரியும். ஆசிரியர் எதை முன்னே வைத்தார், எதைத் தள்ளிப்போட்டார், எதற்கு அதிக இடம் கொடுத்தார் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடவேண்டாம். இரண்டாவது வாசிப்புக்கு ஒரு முழுத்தாளை நீளவாக்கில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கதை சொல்லப்படும் வரிசையில் அத்தியாயத்துக்கு ஒரு வரி. இடம், காலம், யாருடைய பார்வை, பக்க எண் இந்த நான்கும் அதில் இருக்கவேண்டும். வலப்பக்கம் அதே நிகழ்ச்சிகளை அவை நடந்த வரிசையில் எழுதி, இரண்டையும் கோடு போட்டு இணையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் உங்கள் விடை இருக்கிறது.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' புதினத்தையே எடுத்துக்கொள்வோம். இடம் என்று பார்த்தால் காவிரிக்கரை வேதபாடசாலை, சென்னை வீடு, மறுபடி பாடசாலை. மகனை வேதம் படிக்க அனுப்பியதன் உண்மையான காரணம் வலப்பக்கப் பட்டியலில் மேலே நிற்கும். இடப்பக்கத்திலோ அது வெகுவாகக் கீழே போய்விடும். அந்த ஒரு கோட்டை வைத்தே ஒரு பத்தி எழுதலாம். காரணம் முதலிலேயே தெரிந்திருந்தால் அம்மாவை எடைபோட்டபடியே படித்திருப்போம். தள்ளிப்போட்டதால் மகன் அப்புவோடு சேர்ந்து நாமும் அந்த வீட்டுக்குள் நுழைகிறோம். தலைப்பு சொல்லும் வருகையும் முடிவில்தான் நிகழ்கிறது.

காலத்தைக் குறிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காவிரி டெல்டாக் கதைகளில் தேதி அரிதாகவே வரும், வயல்தான் நாள்காட்டி. ஆற்றில் புதுத்தண்ணீர் என்றால் ஆனி, ஆடி. தாளடி நடவு (குறுவை அறுத்த வயலில் அடுத்த போகம்) என்றால் ஐப்பசியை ஒட்டி. சம்பா அறுப்பு என்றால் தை, மாசி. முதல் பத்தியில் புதுத்தண்ணீரும் அடுத்த பத்தியில் களத்துமேட்டில் சம்பா நெல் தூற்றுவதும் வந்தால், நடுவே ஆறேழு மாதத்தை ஆசிரியர் ஒரே தாவில் கடந்திருக்கிறார். அந்த மாதங்களில் என்ன நடந்திருக்கும், அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டுப்பாருங்கள்.

பக்கக் கணக்கும் போடுங்கள். பத்து வருஷம் ஒரு வரியில் போய், ஒரு சாயங்காலப் பேச்சு பன்னிரண்டு பக்கம் நீண்டால், ஆசிரியருக்கு அந்தப் பேச்சுதான் கதை.

பழைய நினைவு வந்தாலே 'நனவோடை உத்தி' என்று எழுதிவிடாதீர்கள். கதை பின்னால் போய் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் அது பின்னோக்கு. பாத்திரத்தின் எண்ணங்கள் ஒழுங்கில்லாமல், ஒன்றைத் தொட்டு ஒன்றாக ஓடினால்தான் நனவோடை. இரண்டையும் குழப்பினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் மதிப்பெண் குறையும்.

10 மதிப்பெண் விடைக்கு, எதை எங்கே வைப்பது என்று ஆசிரியர் எடுத்த மூன்று அமைப்பு முடிவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் எடுத்த முடிவு என்ன, எந்த இடத்தில், படிப்பவருக்கு அது என்ன செய்கிறது என்று ஒரு பத்தி. கதைச்சுருக்கம் மூன்று வரியைத் தாண்டக்கூடாது. பத்தியை "பிறகு", "அதன்பின்" என்று தொடங்கினால் கதை சொல்லப் போய்விட்டீர்கள் என்று பொருள். அந்த வரியை அடித்துவிட்டு, "ஆசிரியர் இதை இங்கே வைத்ததால்" என்று தொடங்குங்கள்.