11 இலக்க எண்ணும் ஒரு புள்ளியியலாளனும்

நார்வேயில் குடியேறுபவருக்கு வங்கிக் கணக்கிலிருந்து குடும்ப மருத்துவர் வரை எல்லாவற்றுக்கும் 11 இலக்க அடையாள எண் வேண்டும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. நிரந்தர எண் வரும்வரை தரப்படும் தற்காலிக எண்ணில் முதல் இலக்கத்தோடு நான்கைக் கூட்டிவிடுவார்கள் என்பதால், 15ஆம் தேதி பிறந்த நான் ஒஸ்லோ வந்த புதிதில் 55ஆம் தேதி பிறந்தவனாக நடமாடினேன். அலுவலகத்தில் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்கவும், பகல் 11.30 மணிக்கே ரொட்டித் துண்டோடு சாப்பாட்டை முடிக்கவும் விரைவில் பழகிவிட்டது. ஆனால் அந்த அடையாள எண்ணின் அருமையை உணர்த்தியது வேலைதான்.

சென்னையில் நான் கையாண்ட புற்றுநோய்த் தரவில் ஒரே பெண் ஒரு மருத்துவமனையில் 'கே. செல்வி, வயது 45' என்றும், இன்னொன்றில் 'செல்வி குமார், வயது 48' என்றும் இருப்பார். இருவரும் ஒருவரே என்று முடிவுகட்ட முகவரியையும் கட்டியின் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வீடு தேடிப் போகும் களப்பணியாளர், "காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்ற பதிலோடு திரும்புவதும் உண்டு. உயிர்வாழ்வு விகிதத்தைக் கணக்கிடும் காப்லன்–மேயர் முறையில் அத்தகையவரை, கடைசியாகத் தகவல் கிடைத்த நாளோடு கணக்கிலிருந்து விலக்குவோம். விலகியவர்களுக்கும் மற்றவர்களைப் போன்ற இறப்பு அபாயமே இருக்கும் என்ற அனுமானத்தில்தான் அது செல்லும். நோய் முற்றியதால் வராமல் போனவர்கள் அதிகமென்றால், உயிர்வாழ்வு விகிதம் உண்மையைவிட உயர்ந்து தெரியும்.

நார்வேயில் புற்றுநோயை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம்; பதிவகத்தில் 1953 முதல் நாடு முழுமைக்குமான தரவு இருக்கிறது. அடையாள எண்ணைக் கொண்டு அதை இறப்புப் பதிவோடு இணைத்துவிடலாம் என்பதால், செல்வியைத் தேடிய உழைப்பு இங்கே தேவைப்படவில்லை. உள்ளூர்ச் சக ஊழியர்கள் இதை இயல்பாக எடுத்துக்கொள்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

எனினும் இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு, அது என்னைப் போன்ற குடியேறிகளின் வழியாகவே வருகிறது. அறிவிக்காமல் நாட்டைவிட்டுப் போனவர் வேறெங்கோ இறந்தாலும் பதிவேட்டில் உயிரோடுதான் இருப்பார். அதனால் குடியேறிகளின் இறப்பு விகிதம் குறைவாகத் தோன்றும்போது நான் உடனே மகிழ்வதில்லை. வருமானப் பதிவு போன்றவற்றில் நெடுநாள் தடயமில்லாதவர்களை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிடுகிறேன். இரண்டு விடைகளுக்கும் இடைவெளி பெரிதானால் இரண்டையுமே அறிக்கையில் தருகிறேன்.