சேவரும் பல்லி முட்டையும்

இரவு முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தது, காலமை கொம்பியூட்டர் லாப் திறந்தா பின்வரிசைப் பிள்ளையள் "சேர், உள்ள விடுதில்லை" எண்டு கத்துதுகள். பாஸ்வேர்ட் சரி, கேபிளும் சரி. பாத்தா போர்டில கிடக்கிற காசு மாதிரிப் பற்றறி, சிஆர்2032, செத்துப்போச்சு; கரண்ட் இல்லாத நேரம் மெசின்ர மணிக்கூட்டை ஓட வைக்கிறது அதுதான். மெசின் 2009 சனவரி 1 எண்டு காட்டுது. எல்லாற்ற லொகினையும் சரிபாக்கிற பெரிய கொம்பியூட்டர், டொமைன் சேவர், அதுக்கும் மெசினுக்கும் வழமையா 5 நிமிசத்துக்கு மேல நேரம் பிசகினாலே லொகின் ஆகாது, இது எத்தினை வருசம்! அந்தத் திகதி கிளிநொச்சி ஆக்களுக்கு என்ன எண்டு சொல்லத் தேவையில்லை, சண்டையில டவுன் ஆமியிட்ட விழுந்ததுக்கு முதல்நாள்; நான் அப்ப இடம்பெயந்து தர்மபுரத்தில தறப்பாளுக்குள்ள. பிள்ளையள் சிரிக்குதுகள், அதுகளுக்கு அது வெறும் நம்பர்தானே. டவுனுக்கு ஓடி ஆறு பற்றறி வாங்கி மாத்தினன், ஒரு கேசிங்குக்குள்ள பல்லி முட்டை வேற.