நாலா எட்டா: என் கீமோ நாட்குறிப்பு

ஜனவரி 7

நேத்து மூணாவது சைக்கிள் ஏத்தினாங்க. ரெண்டு மணி நேரம் ஆக்ஸாலிபிளாட்டின் ட்ரிப்ஸ், அப்புறம் வீட்ல பதினாலு நாள் காப்பசிட்டபின் மாத்திரை, ஏழு நாள் லீவு, மறுபடி முதல்லேர்ந்து. இதத்தான் காபாக்ஸ்னு சொல்றாங்க. பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சப்புறம் எட்டு சைக்கிள்னு ஃபைல்ல எழுதியிருக்கு.

மருந்து ஏறின கை தோள் வரைக்கும் வலிச்சது, சிஸ்டர் வெந்நீர் பை வச்சதும் கொஞ்சம் விட்டுச்சு. ராத்திரி பொட்டு தூக்கம் இல்ல, வாந்திக்கு குடுக்கற ஸ்டீராய்டு முழிக்க வைக்கும்னு தெரியும் அதனால பயப்படல.

காலைல ஞாபகமில்லாம ஃப்ரிட்ஜுல கைய விட்டுட்டேன், விரலெல்லாம் ஷாக் அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. முதல் சைக்கிள் முடிஞ்சு வந்த அன்னிக்கு சில்லுனு தண்ணி குடிச்சிட்டு தொண்டை இறுகி மூச்சே போகுதுன்னு அலறினேன். அது இந்த மருந்தோட வேலை, குளிர் பட்டா தொண்டை நரம்பு இழுத்துக்கும், மூச்சுக்குழாய் அடைக்கறதில்ல, வெதுவெதுப்பா ஏதாவது குடிச்சா தானா விடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த பத்து நிமிஷம் நான் சாவ நினைச்சிருக்க மாட்டேன். இத படிக்கிறவங்க யாராவது நாளைக்கு முதல் சைக்கிளுக்கு போறீங்கன்னா இத மட்டும் மனசுல வச்சுக்கங்க.

ஜனவரி 11

வாந்தி இல்ல, குமட்டல்தான். ஒண்டான்செட்ரான் மாத்திரை போட்டா குமட்டல் அடங்குது ஆனா மலச்சிக்கல் ஆயிடுது. வாயெல்லாம் இரும்ப நக்கின ருசி. ஸ்பூன பிளாஸ்டிக்குக்கு மாத்தினேன், கொஞ்சம் பரவால்ல.

ஜனவரி 16

ராத்திரி ஒரு மணிக்கு எழுதறேன். இன்னிக்கு மட்டும் ஆறு தடவை வயித்தால போயிடுச்சு. சாயந்திரம் மாத்திரைய கைல வச்சுகிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், ஒரு வேளை விட்டாலும் நோய் திரும்பிடுமோன்னு பயம். கடைசில பொண்ணுதான் ஆஸ்பத்திரி நம்பருக்கு அடிச்சா. "வழக்கத்தவிட நாலு தடவைக்கு மேல போனா மாத்திரைய நிறுத்திட்டு கூப்பிடணும்னு சொன்னோமேம்மா, ஏன் காத்திருந்தீங்க"ன்னு கேட்டாங்க. நின்னப்புறம்தான் மாத்திரைய திரும்ப ஆரம்பிக்கணுமாம், விட்டுப்போன வேளைய சேர்த்து போடக்கூடாதாம். காய்ச்சல் பாத்தோம், 99தான். 100.4 தாண்டினா நேரம் காலம் பாக்காம ஓடி வரணும், வெள்ளை அணு குறைஞ்சிருக்கற நேரத்துல காய்ச்சல் வந்தா சில மணி நேரத்துலயே உயிருக்கு ஆபத்தாயிடும்னு எச்சரிச்சாங்க.

பல்ல கடிச்சுகிட்டு முழுங்கறதுதான் தைரியம்னு நினைச்சிருந்தேன். அது தப்பு.

ஜனவரி 27

நாலாவது சைக்கிள். ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர் கேட்டார், "சட்டை பட்டன் போட முடியுதா?" நான் வாயே திறக்கல. பொண்ணு சொல்லிட்டா, அம்மா ரெண்டு வாரமா ஊசில நூல் கோக்க என்னை கூப்பிடறாங்கன்னு.

இருபத்தஞ்சு வருஷமா தைக்கிறேன். துணிய விரல்ல தடவினாலே எந்தப் பக்கம் நல்ல பக்கம்னு தெரியும், இப்ப கையுறை போட்டுகிட்டு தொடற மாதிரி இருக்கு. முன்னெல்லாம் ஏத்தின அஞ்சாறு நாள்ல சரியாகும், இந்த தடவை மூணு வாரம் ஆகியும் போகல. சொன்னா மருந்த நிறுத்திடுவாங்களோன்னு மறைச்சேன். சொல்லாததாலதான் நரம்பு கெடும்னு டாக்டர் கோவப்படாம சொன்னார். டோஸ் குறைச்சுதான் ஏத்தினாங்க. அடுத்தத பேசி முடிவு பண்ணலாம், யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டார்.

பிப்ரவரி 3

இன்னிக்கு டாக்டர் முக்கால் மணி நேரம் உக்கார வச்சு பேசினார். என் ரிப்போர்ட்ல டி3 என்1, அதாவது கட்டி குடலோட சதை அடுக்க தாண்டியிருக்கு, நெறிக்கட்டி ரெண்டுல பரவியிருக்கு. மூணாவது ஸ்டேஜ்தான், ஆனா அதுல ரிஸ்க் கம்மியான பிரிவு. 2018ல வெளியான ஐடியாங்கற ஆய்வுல 12,834 பேர எடுத்து மூணு மாசம் போதுமா ஆறு மாசம் வேணுமான்னு பாத்திருக்காங்க. என்னை மாதிரி பிரிவுல மூணு மாசம் எடுத்தவங்கள்ல 100க்கு 83 பேர் மூணு வருஷம் நோய் திரும்பாம உயிரோட இருந்திருக்காங்க, ஆறு மாசம் எடுத்தவங்கள்லயும் 83தான். ஆனா காபாக்ஸ் எடுத்தவங்கள்ல அன்றாட வேலைய தொந்தரவு பண்ற அளவுக்கு நரம்பு பாதிப்பு வந்தது மூணு மாசத்துல 14 பேருக்கு, ஆறு மாசத்துல 45 பேருக்கு. கட்டி டி4 ஆவோ, நெறிக்கட்டி நாலோ அதுக்கு மேலயோ இருந்தா கணக்கு வேற, அவங்க இத வச்சு நிறுத்தக்கூடாதுன்னும் அழுத்தி சொன்னார்.

மூணு மாசம்னா நாலு சைக்கிள். கைல இருக்கற மாத்திரை தீந்தா நான் முடிச்ச மாதிரி.

பிப்ரவரி 8

வீட்ல யாருக்கும் சம்மதமில்ல. "எட்டுன்னு எழுதியிருக்கு, எட்டையும் முடிச்சிடலாம்"னு என் வீட்டுக்காரர் சொல்லிட்டு எழுந்து போயிட்டார். அக்கா போன்ல அழறாங்க, பாதில விடாதடீ, தைரியமா இருன்னு. அவங்க அன்புதான் அப்படி பேச வைக்குது, எனக்கு தெரியாதா. ஆனா நிறுத்தறதுன்னு சொன்னாலே நான் போராட்டத்த விட்டுட்ட மாதிரி எல்லாரும் பாக்கறாங்களே, அதத்தான் தாங்க முடியல.

ராத்திரி பொண்ணு பக்கத்துல படுத்துகிட்டு மெதுவா கேட்டா, "நாளைக்கு ஒருவேளை திரும்பி வந்துச்சுன்னா, நாலோட நிறுத்தினதாலதான்னு உன்னையே திட்டிப்பியாம்மா?" ரொம்ப நேரம் பதில் சொல்லல. திட்டிப்பேன்னுதான் தோணுது. ஆனா 100ல மிச்சம் அந்த 17 பேர் ரெண்டு பக்கமும் இருக்காங்களே, எட்டும் எடுத்துட்டு திரும்பி வந்தவங்க யாரை திட்டுவாங்க? அவ என் உள்ளங்கைய தேச்சுகிட்டே தூங்கிட்டா. தேய்க்கறது கண்ணுக்கு தெரிஞ்சது, கைக்கு தெரியல.

பிப்ரவரி 16

நாளைக்கு அஞ்சாவது ஏத்தணும். வேண்டாம்னு இன்னிக்கே போய் சொல்லிட்டேன். அவரும் கூட வந்தார், வர மாட்டார்னு நினைச்சேன். "நிறுத்தினா அப்படியே விட்டுடுவீங்களா"ன்னு டாக்டர்கிட்ட நேரா கேட்டார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நோய் திரும்புதான்னு பாக்கற சிஇஏ ரத்த டெஸ்ட், நடுவுல சிடி ஸ்கேன், ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷத்துல கொலனோஸ்கோபி, அஞ்சு வருஷம் விடாம பாப்போம்னு டாக்டர் சொன்னதும்தான் அவர் முகத்துல இறுக்கம் கொஞ்சம் தளர்ந்துச்சு. நான் இதெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பாரான்னு தெரியல, கூட்டிட்டு போனது நல்லதாப்போச்சு.

ஒண்ணு மட்டும் மனச உறுத்துது. மருந்த நிறுத்தினாலும் மரமரப்பு சில மாசம் கூடிட்டே போகலாம், அப்புறம்தான் இறங்க ஆரம்பிக்கும், சிலருக்கு முழுசா போகாமலும் இருக்கலாமாம்.

மார்ச் 9

சொன்ன மாதிரியே கூடிடுச்சு. இப்ப கால்தான் மோசம், மணல் மேல நடக்கற மாதிரி இருக்கு. வலி எரிச்சல் தாங்கலன்னா டுலோக்ஸிடின் மாத்திரை எழுதித் தரேன்னு டாக்டர் சொன்னார், மரமரப்புக்கு அது பெருசா உதவாதுங்கறதால இன்னும் ஆரம்பிக்கல. முந்தாநாள் பின் குத்தி ரத்தம் வந்திருக்கு, எனக்கு தெரியவே இல்ல, தரையில கறைய பாத்துட்டு வீட்டுக்காரர்தான் கேட்டார்.

அன்னிலேர்ந்து தினம் படுக்கறதுக்கு முன்னாடி அவர் டார்ச் எடுத்துட்டு வந்து என் ரெண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கு வரைக்கும் பாக்கறார். இன்னிக்கும் பாத்தார். "காயம் எதுவும் இல்ல"ன்னு சொல்லிட்டு க்ரீம் தடவி சாக்ஸ் போட்டு விட்டார். வர்ற புதன்கிழமை முதல் சிஇஏ.