தகர்க்கப்பட்ட சிலையருகே ஒரு பியானோ கச்சேரி

கோடையில் போலந்துத் தலைநகர் வார்சா போகிறீர்கள் என்றால் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாஜென்கி பூங்காவில் அன்று மதியம் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் திறந்தவெளிப் பியானோ கச்சேரி. டிக்கெட் கிடையாது. 1959இலிருந்து நடக்கிறது. மேடையில் ஒரே ஒருவர், வாசிப்பது போலந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைமேதை ஷோப்பனின் இசை.

நான் போனபோது பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. ரோஜாப் பாத்திகளை ஒட்டிப் புல்லில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தாத்தா பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தே விட்டார். எதிரே, காற்றில் வளைந்த வில்லோ மரத்தடியில் ஷோப்பன் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதுள்ள சிலை 1958இல் மறுபடி வார்த்தது. 1926இல் திறந்த பழைய சிலையை 1940 மே 31 அன்று, போலந்தைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர் இசையைப் பொதுவில் வாசிக்கவும் தடை. அதனால் கச்சேரிகள் வீடுகளுக்குள் ரகசியமாக நடந்தன. ஒரு சொல்கூட இல்லாத இசைக்கு இத்தனை பயமா என்று தோன்றும்.

பயப்படக் காரணம் இருந்தது. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டதில் போலந்து வரைபடத்திலிருந்தே போய்விட்டது; 1918 வரை தனிநாடாக மீளவில்லை. ஷோப்பன் 1830 நவம்பர் 2 அன்று, இருபது வயதில், வார்சாவை விட்டுக் கிளம்பினார். அதே மாதம் 29ஆம் தேதி ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அது தோற்று வார்சா வீழ்ந்த சேதி மறுவருடம் செப்டம்பரில் ஸ்டட்கார்ட்டில் அவருக்குக் கிடைத்தது. அப்புறம் அவர் ஊர் திரும்பவே இல்லை.

அந்த ஆத்திரத்தில் பிறந்தது என்று சொல்லப்படும் எடியூடைத்தான் (விரல் பயிற்சியை மையமாக வைத்த சிறு பியானோ உருப்படி) அன்றைய கலைஞர் முதலில் எடுத்தார். ஓபஸ் 10 என்ற எண்ணிட்ட தொகுப்பில் பன்னிரண்டாவது. ‘புரட்சி’ என்ற பட்டம் ஷோப்பன் வைத்ததல்ல. ஆனால் இடது கை மேலிருந்து கீழே கட்டைகளில் சரிந்து விழுவதைப் பார்த்தால் பட்டம் ஏன் ஒட்டிக்கொண்டது என்று புரிகிறது. வாசித்தவரின் வலது கை அவ்வப்போது இரண்டு அதட்டல் போட்டுவிட்டு ஓய, இடது கைக்கு மட்டும் ஓய்வே இல்லை. கைத்தட்டல் பலமாக இருந்தது.

எனக்கென்னவோ அதற்கடுத்து வந்த மசூர்காக்கள்தான் பிடித்தன. மசூர்கா போலந்துக் கிராமத்து ஆட்டம். நம் திஸ்ரம் போல மூன்றாக எண்ணலாம். அழுத்தம் மட்டும் முதல் அடியில் விழாமல் இரண்டிலோ மூன்றிலோ போய் விழும். தலையாட்டினால் தப்பாகவே ஆட்டுவோம். படுத்திருந்த தாத்தா கண்ணைத் திறக்காமலே விரலால் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தார். நடுவே பூங்கா மயில் ஒன்று அகவியது, ஒருவரும் திரும்பவில்லை.

இந்த எளிய மெட்டுகளில் என்ன ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் ஜார் மன்னர் தடை செய்துவிடுவார் என்று ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் 1836லேயே எழுதினார். பூக்களுக்குள் புதைத்த பீரங்கிகள் என்றார். ஜார் ஆட்சி பின்னாளில் வேறு விதமாகக் கைவைத்தது. 1863இல் ரஷ்ய ஆளுநர் மீது தாக்குதல் நடந்ததற்குப் பழியாக, ஷோப்பனின் தங்கை குடியிருந்த மாளிகையைச் சூறையாடிய படைவீரர்கள் ஷோப்பனின் பியானோவை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினார்கள்.

மாலையில் புனிதச் சிலுவை தேவாலயத்துக்கும் போய்விட்டு வாருங்கள். ஷோப்பனின் உடல் பாரிசில் இருக்கிறது. அக்கா லுட்விகா கொண்டுவந்த இதயம் இங்கே ஒரு தூணுக்குள். பிரார்த்தனை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.