அரைப் பேணி மா

வவுனியாவில் ஒரு தனியார் கிளினிக்கில் போசாக்கு ஆலோசகராக நான் வேலை பழகிய காலம். நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வந்த ஐயா ஒருவர் சீலைப் பையிலிருந்து புரதமாப் பேணியொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இது பாதிக்கு வந்திட்டுது. நெல்லுக் காசு வந்தாப் பிறகு மற்றதை வாங்கினால் பரவாயில்லையோ?"

அவருக்குக் கிட்னி வருத்தம். வவுனியா, முல்லைத்தீவுக் கமக்காரக் குடும்பங்களுக்கு இந்த நோயை விளக்கத் தேவையில்லை. டயலிசிஸ் தொடங்காத நிலை. சலரோகமும் இல்லை. அப்படிப்பட்டவருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும்: உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.55 முதல் 0.6 கிராம். டயலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போது புரதமும் கழிந்துபோவதால் 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. ஐயா 50 கிலோ. நாளுக்கு 30 கிராம்தான். மூன்று நேரச் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனுமே அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். அதற்கு மேல் காலையும் மாலையும் அவர் மா கரைத்துக் குடித்திருக்கிறார்.

அதை எழுதிக் கொடுத்தவர் எனக்குத் தொழில் பழக்கிய அக்கா. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஆனால் நாங்கள் கொடுக்கும் அச்சடித்த ஆலோசனைத் தாளின் கடைசி வரியில் அந்த மாவின் பெயர் எல்லா நோயாளருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. பேணிக்கு இவ்வளவு என்று கொமிசன் வருவது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

குழந்தைப் பால்மா விசயத்தில் நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஒழுக்கக்கோவை, விற்பனைக்காகச் சுகாதார ஊழியருக்கு நிறுவனம் எதையும் கொடுக்கவும் கூடாது, ஊழியர் வாங்கவும் கூடாது என்கிறது. பெரியவர்களின் பேணி அதற்குள் அடங்காது. அடங்காததால் அது சரியாகிவிடுமா? வயலில் முறிந்து உழைத்த ஒருவர் எங்கள் எழுத்தை நம்பித்தானே கடைக்குப் போகிறார்.

அன்று அவருடைய தாளில் கடைசி வரியை வெட்டினேன். மாவை நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. டொக்டரிடமும் சொல்லவில்லை. பிறகும் பல மாதம் என்னிடம் வந்தவர்களின் தாளில் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தேன். மற்ற மேசைக்குப் போனவர்கள் அந்த வரியோடுதான் வீடு போனார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கிட்னி வருத்தம் இருந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அக்காவின் கொமிசனைவிட என்னை இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

ஐயா எழும்பும்போது கேட்டார்: "அப்ப மிச்சத்தைப் பேரனுக்குக் கரைச்சுக் குடுக்கட்டோ? அவனும் நிறை காணாதெண்டு மிஸ் சொன்னவ."

"வேண்டாம் ஐயா, இது பெரிய ஆக்களுக்குரியது. பிள்ளைக்கு அரசாங்கக் கிளினிக்கில திரிபோஷாச் சத்துமா தருவினம், அதைக் குடுங்கோ."

சரி என்று தலையாட்டினார். மூடியை இன்னொரு தடவை இறுக்கிப் பேணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.