பேச்சு போனது, பாட்டு போகவில்லை

என் வீட்டுக்காரருக்கு வாதம் அடித்த பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது. எங்களைப் போல இன்னொரு வீட்டிலும் யாராவது கட்டிலோடு கிடக்கலாம், பக்கத்தில் ஒருத்தி தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு. மேற்கே மலை, அதன் அடிவாரம் முழுக்க வாழை. அவருக்கும் வாழைதான் தொழில். சொந்தமாகக் கொஞ்சம், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, கொஞ்சம். நான் தொடக்கப்பள்ளியில் டீச்சர். ஒருநாள் விடியற்காலம் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பியவர் வாசல் நடையிலேயே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. 108ஐக் கூப்பிட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போய்விட்டது.

மண்டியில் நின்று ஏத்தன் குலைக்கு விலை பேசினால் நாலு கடை தள்ளிக் கேட்கும் அவர் குரல். அந்த மனுஷன் என் பேரைச் சொல்ல வாயைத் திறப்பார், 'த… த…' என்று மட்டும் வரும். நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது, அது கண்ணிலேயே தெரியும். திருப்பிச் சொல்லத்தான் சொல் கிடைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார், கொடுத்தால் தட்டிவிடுவார். வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் இடம் மாறிப் போயிருந்தது.

விழுங்குவதும் சிரமம்தான். வெறும் தண்ணீர் சட்டென்று புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிடும், அப்புறம் சளி கட்டிக் காய்ச்சல் வரும் என்று எச்சரித்தார்கள். அதனால் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும். நிமிர உட்காரவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, உணர்ச்சி இருக்கிற இடது பக்கத்துக் கடைவாயில் சின்னக் கரண்டியால் ஊட்ட வேண்டும். தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போவதற்குள் பொழுது ஏறிவிடும். அவருக்கு அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்போம். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆண்டவர் இருக்கிறார் என்பதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வாயில் சொல் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று ஜெபிக்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து முருகன்குறிச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் ஊசிக்கோபுரத்துச் சர்ச்சுக்குப் போவேன். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826இல் கட்டின கோயில். சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். இருநூறு வருஷமாக எத்தனை பேர் ஒன்றும் சொல்ல முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பே துணையாக இருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் அன்பாகத்தான் வந்தார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "மறைவான பாவம் ஏதாவது இருக்கும். அதை அறிக்கை பண்ணினால் எழுந்து நடப்பார்" என்று சத்தமாகச் சொன்னார். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போல. இவர் கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. வாய் திறந்து பாவ அறிக்கை செய்யவும் முடியாத மனுஷனிடம் அதைக் கேட்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்று இயேசு சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதையும் வாசிக்க வேண்டும். துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்.

வேறு மாதிரியும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் சபையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருக்கிறார். நன்றாக வயதாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "டீச்சரம்மா, நான் ஒண்ணும் புதுசா சொல்ல வரல. புஸ்தகத்துல இருக்கதையே வாசிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆராதனைப் புத்தகத்தையும் சங்கீதத்தையும் எடுத்தார். அவர் எடுத்தது எண்பத்தெட்டாம் சங்கீதம். ஆறுதலே சொல்லாத சங்கீதம் அது. கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், பதில் இல்லை என்றே போய், வேண்டியவர்களெல்லாம் விலகிவிட்டார்கள் என்ற இருட்டிலேயே முடிந்துவிடும். இதையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே ஆண்டவர் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. நான் சொல்லத் தெரியாமல் கிடந்ததை மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி ஆரம்பித்த ஒரு பாட்டுப் புத்தகம் எனக்காகச் சொல்லிவிட்டது.

அப்புறம் கர்த்தருடைய ஜெபம். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று உபதேசியார் ஆரம்பித்தார், நானும் சேர்ந்துகொண்டேன். "அன்றன்றுள்ள" என்று வரும்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, மெதுவாக. "…எங்கள் ஆகாரத்தை… எங்களுக்கு… இன்று… தாரும்."

நான் நிறுத்திவிட்டேன். உபதேசியார் நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடியே, கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, அவருக்கு முன்னால் ஒரு சொல் ஒரு சொல்லாக எடுத்து வைத்துக்கொண்டே போனார். ஆமென் வரைக்கும் அவரும் வந்தார். முடிந்ததும், "அத்தான், என்னமாவது சொல்லுங்க" என்று கையைப் பிடித்தேன். மறுபடியும் 'த… த…'தான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சங்கத்துப் பெண்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். உபதேசியார் அவர்களிடம் சொல்லியிருக்கிறார், பழைய கீர்த்தனையாகப் பாடுங்கள் என்று. அவர்கள் எடுத்தது கிறிஸ்தவக் கவிஞர் கிருஷ்ணபிள்ளை எழுதினது. இரண்டாவது அடியிலேயே இவர் சேர்ந்துவிட்டார். ராகம் பிசகவில்லை, சொல்லும் முக்கால்வாசி தெளிவு. இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. பாடிக்கொண்டிருந்த மதினி ஒருத்தி அழுதுவிட்டாள். "நீ பாட்ட விட்றாதட்டி, அவரு வாராரு பாரு" என்று பக்கத்தில் இருந்த பெரியம்மை அதட்டினாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. பேச்சை நடத்துவது பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம், ஆனால் பாட்டில் வலது பக்கத்துக்கும் பங்கு உண்டு, அதனால் பேச முடியாதவர்கள் சிலர் பாடுவார்கள் என்றாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த ஜெபம், எண்கள், கிழமைகளும் சிலருக்கு அப்படியே நிற்குமாம். இதை வைத்தே ஒரு பயிற்சிமுறை இருக்கிறது என்றும் சொன்னாள். வேண்டிய வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்து, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லிப் பழக வேண்டும். "தண்ணி வேணும்" என்பதை அப்படித்தான் ஆரம்பித்தோம்.

அப்படியானால் இது அற்புதம் இல்லையா என்று மகன் போனில் கேட்டான். மூளையைப் படைத்தவரும் அவர்தானே என்று சொன்னேன். எனக்கு அதில் குழப்பம் இல்லை. நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது வேறொன்றை. அந்தப் பாட்டை இவருக்குள் வைத்தது யார்? இவருடைய அம்மை. சாயங்காலம் விளக்கேற்றியதும் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து, அர்த்தம் தெரிகிறதோ இல்லையோ, குடும்ப ஜெபத்தில் தினமும் பாடவைத்தவர். அதை எழுதினவர் கரையிருப்பில் 1827இல் ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழ் ஆசிரியராக இருந்தவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1900இல் காலமாகிவிட்டார். அவர் எழுதிவைத்துப் போன அடி, சொந்தப் பேச்சு ஒன்றுகூட மிஞ்சாத ஒரு வாழை விவசாயிக்கு இன்றைக்கு வாயில் இருக்கிறது.

புத்தக ஜெபம், உதட்டு ஜெபம், மனப்பாட ஜெபம் என்று எங்கள் ஆராதனை முறையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. சொந்தமாக உருகி ஜெபிக்கிறவர்களை நான் மதிக்கிறேன், நானும் அப்படி ஜெபிக்கிறவள்தான். ஆனால் சொந்தச் சொல் தீர்ந்துபோகிற நாள் ஒன்று வரும். அன்றைக்குச் சபை தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த சொல் வேண்டும். அதுவும் முடியாதபோது, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. இந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எதையோ சொல்ல முடியாமல் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தபோதுதான் அது என் உடம்புக்குள் இறங்கியது.

சுகம் கேட்டு ஜெபிக்கிறோமா? ஜெபிக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வரலாறு உண்டு. டோனாவூர் எங்களுக்குப் பக்கம்தான். 1901 முதல் அங்கே இருந்து, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா, 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்க வந்தார். இருட்டுகிற நேரம். அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. சுற்றிலும் அத்தனை பிள்ளைகள், அத்தனை பேர் ஜெபித்தும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. 1951 ஜனவரியில் கண் மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறையோடுதான். அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளை வரவழைத்துப் பேசினார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. விசுவாசம் குறைந்ததால்தான் அவர் எழும்பவில்லை என்று டோனாவூரில் போய்ச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் அப்போஸ்தலர் மூன்று தரம் கேட்டும் அது எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. இவருக்கு வாதம் அடிக்கும் முன்பு அந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் குறைவாகவே பட்டது. இப்போது பிடித்துக்கொள்ள அதுதான் இருக்கிறது, அது தாங்குகிறது.

கிருபை எங்கள் வீட்டுக்கு ஆட்களாகத்தான் வந்தது. வாழை குலை தள்ளும் சமயத்தில் இவர் விழுந்தார். காற்றடித்தால் தோட்டமே சாய்ந்துவிடும். சபைப் பையன்கள் சனிக்கிழமை வந்து மரத்துக்கு மரம் கம்பு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வயல் அண்ணாச்சி கோயிலில் கொடைத் திருவிழா நடத்துகிறவர், எங்கள் ஆராதனைக்கு வருகிறவர் இல்லை. தன் வயலுக்குப் பாய்ச்சும்போதெல்லாம் எங்கள் மடையையும் திறந்துவிட்டு, பாயும்வரை நின்றுவிட்டுப் போனார். "அவரு எனக்குச் செஞ்சதுக்கு இது என்ன டீச்சர்" என்றார். இவர் அவருக்கு என்ன செய்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இவருக்குச் சொல்ல வாயில்லை, அண்ணாச்சியும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இப்போது சக்கர நாற்காலியில் ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப்போகிறோம். பாவ அறிக்கையிலும் கர்த்தருடைய ஜெபத்திலும் பாட்டிலும் சபையோடு சேர்ந்துகொள்கிறார். பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறார். வீட்டில் "தண்ணி வேணும்", "வலிக்கி", "போதும்" இந்த மூன்றும் ராகம் இல்லாமலே வருகிறது. என் பேர் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் பேச்சு நின்றிருந்தால், அவர்கள் சின்ன வயதில் பாடின பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடிப் பாருங்கள். எல்லாருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். பேச்சுப் பயிற்சிக்கும் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆரம்பத்திலேயே போவது நல்லது. வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம்.

ஜெபிக்கிறவர்கள் அவருடைய வலது கை விரல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் லேசாக அசைகிறது. பாட்டப் பத்திரம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கைநாட்டு வேண்டாம், கையெழுத்துத்தான் போடுவேன் என்று இடது கையால் சிலேட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.