கோடு பொறுப்பா, மஞ்சள் பொறுப்பா?

ஊராட்சிக் குடிநீர் டேங்க் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி என்றால் ஒரு கையேடு, ஒரு பரிசோதனைப் பெட்டி, ஒரு டீ. கையேட்டில் குளோரின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். ஆனால் எந்த மோட்டார் ரூமிலும் தராசு இருப்பதில்லை. அதனால்தான் நான் பயிற்சி கொடுத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் கேட்டார்: "புக்கு கெடக்கட்டும் சார். எத்தனை பிடி?"

பிடிக்கணக்கு வேண்டாம் என்று மளிகைக் கடையில் 120 கிராம் நிறுத்து, தலையை வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலில் கொட்டி, நிரவிவிட்டு, மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தேன். தட்டக் கூடாது. தட்டினால் பவுடர் அமுங்கி, அதே கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். கையேட்டைவிட அந்தப் பாட்டில்தான் அவருக்கு உதவும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்குக் காரணம், குளோரின் சோதனையில் வரும் மஞ்சள் நிறத்தைப் பற்றி அவர் அடுத்துக் கேட்டது. "கோடு வரைக்கும் போட்டும் கடைசித் தெருவுல மஞ்சள் வரலைன்னா நான் பொறுப்பா, கோடு பொறுப்பா?"

"மஞ்சளைத்தாண்ணே பார்க்கணும்."

"அப்ப கோடு எதுக்கு சார்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

குளோரோஸ்கோப் என்ற பரிசோதனைப் பெட்டியின் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஆர்த்தோடோலிடின் சொட்டுகளை விட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சளாகும். சொட்டு விட்டவுடன் பெட்டியில் இருக்கும் நிற வட்டத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும். நேரமானால் அம்மோனியாவோடு சேர்ந்துபோன குளோரினும் நிறம் காட்டும், 0.1 இருக்கும் தண்ணீர் 0.3 போலத் தெரியும். மருந்துப் பாட்டிலை வெயில்படும் ஜன்னலில் வைக்கக் கூடாது, மேலே பட்டால் உடனே கழுவ வேண்டும், அது உடம்புக்கு ஆகாத சாமான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின். அதுவும் டேங்க் அடியில் இருக்கும் குழாயில் பார்த்தால் போதாது, கடைசித் தெருக் குழாயில் பார்க்க வேண்டும். பெரும்பாலான பதிவேடுகளில் 0.2 என்ற எண் மட்டும் வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். டேங்க் அடிக் குழாய்க்கும் அதே எண், கடைசிக் குழாய்க்கும் அதே எண். அதைப் பார்த்தாலே தெரியும், குப்பி பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்று.

கோட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. காலையில் மோட்டார் போட்டு, வால்வு திருப்பி, தெருவிளக்கு பார்த்து, ஊராட்சி ஆபீசில் தலைகாட்டுகிற ஒருவரிடம் சதவீதக் கணக்கு போடச் சொல்வது நடக்காத காரியம். அவர் செய்ய வேண்டியதே ஏராளம். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கட்டியில்லாமல் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும், சுண்ணாம்புக் கசடை அல்ல. கசடு உள்ளே போனால் அடியில் சேறாகப் படியும், அடுத்த கழுவலில் யாராவது இறங்கி வழிக்க வேண்டும். டேங்க் பாதி நிறையும்போது ஊற்றினால் ஏறும் தண்ணீரே கலக்கிவிடும். நிறைந்த பிறகு அரைமணி நேரம் கழித்துத்தான் கேட் வால்வைத் திறக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கோடு ஒன்றாவது யோசிக்காமல் நடக்கட்டும்.

ஆனால் கோடு பவுடரின் அளவை மட்டும்தான் காட்டுகிறது, வீரியத்தைக் காட்டுவதில்லை. புதுப் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம். 120 கிராமில் 40 கிராம் குளோரின், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். வாய் திறந்த மூட்டை ஈரம் இழுத்து 15 சதவீதத்துக்கு வந்துவிட்டால், அதே கோடு 0.6தான் கொடுக்கும். தண்ணீரில் இரும்பு, குழாயில் பாசி என்று அவை தின்றது போக, கடைசித் தெருவுக்கு ஒன்றும் மிஞ்சாது. மூட்டையை மோட்டார் ரூமிலேயே வைப்பது இன்னும் மோசம். பவுடரும் கெடும், அதன் நெடியில் ஸ்டார்ட்டரின் காண்டாக்ட்களும் அரித்துப்போகும். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம், தரையில் படாமல் ஒரு பலகை, வேறொரு நிழலான இடம். இதற்குப் பெரிய செலவில்லை, ஆனாலும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வீரியத்துக்கும் தண்ணீரின் குணத்துக்கும் சேர்த்து விடை சொல்வது பழைய ஹாரக்ஸ் சோதனைதான். சுகாதார ஆய்வாளர்களிடம் இன்னும் அந்தப் பெட்டி கிடைக்கும். கறுப்புக் கோப்பையில் 2 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, ஆறு வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அரைமணி கழித்து ஸ்டார்ச் அயோடைடு கரைசல் விட்டால், முதலில் நீலமாகும் கோப்பை எத்தனையாவதோ, அதை இரண்டால் பெருக்கினால் 455 லிட்டருக்கான கிராம் கணக்கு. முதல் கோப்பையே நீலமானால் 30,000 லிட்டருக்கு 132 கிராம், கோட்டுக்குக் கிட்டத்தட்ட சரி. மூன்றாவதுதான் நீலமானால் கிட்டத்தட்ட 400 கிராம். அப்போது அந்தக் கோடு வெறும் அலங்காரம். மூட்டை பிரிக்கும்போதெல்லாம் இதைச் செய்து கோட்டை மாற்றிப் போடலாம் என்று அவரிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டிலையும் சேர்த்து ஓரம் வைத்துவிடுவாரோ என்று தோன்றியது. அந்த நினைப்பு சரியா என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. அவர் கேட்ட கேள்வியே அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆளின் கேள்வி.

பொறுப்பு என்று அவர் சொன்னதையும் நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. மருந்து கூடினால் ஊரே வந்து நிற்கும்: "என்னய்யா, காப்பியில மருந்து நெடி?" மருந்தே இல்லாத நாளில் ஒரு குடமும் அவர் வாசலுக்கு வராது. அதனால் எல்லா ஆபரேட்டர்களின் கையும் குறைவின் பக்கமே சாயும். கோடு இருந்தால், "சார் போட்டுக் கொடுத்த கோடு" என்று அவர் எதிர்த்து நிற்கலாம். மஞ்சளைக் காட்டி அப்படி நிற்க முடியாது, ஏனென்றால் அந்தக் குப்பியைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பயிற்சி உண்டு. அவர்களில் ஒருவர் கடைசித் தெருவில் குடியிருந்து, எண்ணை அவரே எழுதினால் சண்டை பாதியாகக் குறையும். கையேட்டைவிட, பாட்டிலைவிட, அதுதான் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் அதை ஆபரேட்டரால் ஏற்பாடு செய்ய முடியாது, பயிற்சி கொடுப்பவராலும் முடியாது. ஊராட்சி நினைக்க வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டிலில் முதல் கோட்டுக்கு மேலே, அவரே போட்ட இன்னொரு கோடு இருக்கிறது. மூட்டை பாதிக்குக் கீழே போனால் அதுவரை போடுவாராம். எதை வைத்து அந்த இடத்தில் போட்டார் என்று கேட்டதற்கு "நெடியை வச்சுத்தான் சார்" என்றார். அழிக்கவும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டேங்க் இரண்டாவது முறை நிரம்பும்போது எந்தக் கோட்டின் அளவுக்கும் பவுடர் போடுவதில்லை என்பது அதற்கப்புறம்தான் பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது.